தோற்ற திருத்தங்கள், நிலைத்த சொற்கள்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிள்ளைகளிடம் சற்று நேரம் பேசும்படி தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, என்ன பேசுவது என்று யோசித்தோம். நன்றாகப் படியுங்கள் என்று உங்கள் வாப்பாவும் உம்மாவும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதையே நாமும் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆகவே வேறொன்றைப் பேசலாம் என்று முடிவு செய்தோம். நம்முடைய ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவர் இந்த நாட்டின் மிக உயர்ந்த சபையில் எப்படிப் பேசினார், எதைக் கேட்டார், என்ன பதில் பெற்றார் என்பதுதான் இன்றைய பேச்சு.

அவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள். பெயரைக் கேட்டதும் தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். சென்னையில் அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. ஒரு காலத்தில் நாகை மாவட்டமே அவர் பெயரைத் தாங்கியிருந்தது. தெருக்களுக்கும் மண்டபங்களுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறோம். ஆனால் அவர் சபையில் பேசியதில் ஒரு பக்கத்தையாவது படித்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் இந்த மண்டபத்தில் எத்தனை கை உயரும்? குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நாமும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பக்கங்களைத் தேடிப் படித்தோம்.

முதலில் ஆளைப் பற்றிச் சில வரிகள். 1896 ஜூன் 5-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்களின் காலத்தில் கல்லூரிப் படிப்பை விட்டு வெளியே வந்தவர். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946-க்குப் பின் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். நாடு இரண்டான பிறகு, 1948 மார்ச் 10-ல் சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். பின்னர் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962 தொடங்கி 1972 ஏப்ரலில் மறையும் வரை மக்களவையிலும் இருந்தார்.

அரசியல் நிர்ணய சபை அன்றைக்கு வெறும் சட்ட வரைவுக் குழு அல்ல. நாட்டின் நாடாளுமன்றமும் அதுவே. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, முதல் பொதுத் தேர்தல் முடியும் வரை அந்தச் சபைதான் தற்காலிக நாடாளுமன்றமாக இயங்கியது. அங்கே உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் 7,635 என்றும், அவற்றில் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473 என்றும் டாக்டர் அம்பேத்கர் தம் நிறைவுரையில் கணக்குச் சொன்னார். அந்தத் திருத்தங்களில் இஸ்மாயில் சாஹிப் கொண்டுவந்த இரண்டைப் பற்றியும், மொழி விவாதத்தில் அவர் ஆற்றிய உரையைப் பற்றியும் இன்று பேசுகிறோம்.

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மூன்றிலும் அவர் தோற்றார்.

முதல் விவாதம்: தனியார் சட்டம்

1948 நவம்பர் 23. நாடு முழுவதற்கும் ஒரே உரிமையியல் சட்டத்தைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தது. வரைவில் அதன் எண் 35. இன்றைய அரசியலமைப்பில் அது 44.

இஸ்மாயில் சாஹிப் எழுந்து ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். தனக்கென்று தனியார் சட்டம் உள்ள எந்தக் குழுவும், பிரிவும், சமுதாயமும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அதன் கருத்து. மாணவர்கள் கவனிக்க வேண்டும். அந்தத் திருத்தத்தின் வாசகத்தில் முஸ்லிம் என்ற சொல்லே இல்லை. தம் சமுதாயத்துக்காகப் பேச எழுந்தவர், எல்லாச் சமுதாயத்துக்கும் பொருந்தும்படி எழுதிக் கொடுத்தார். தமக்குக் கேட்பதைப் பிறருக்கும் சேர்த்துக் கேட்டால்தான் அது நியாயமாக நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

காரணங்களையும் அடுக்கினார். தனியார் சட்டம் ஒரு மக்களின் வாழ்க்கை முறையின் பகுதி, அவர்களுடைய மதத்தின், பண்பாட்டின் பகுதி என்றார். மதச்சார்பற்ற அரசு அதில் தலையிட வேண்டியதில்லை என்றார். ஒரே சட்டம் வந்தால் ஒற்றுமை வரும் என்ற வாதத்துக்கும் பதில் வைத்திருந்தார். மக்களை அவரவர் வழியில் விட்டால் மனக்குறைக்கு இடமிருக்காது, வற்புறுத்தினால்தான் மனக்குறை பிறக்கும் என்பது அந்தப் பதில். அத்தோடு நிற்காமல் வெளிநாட்டு முன்மாதிரி ஒன்றையும் காட்டினார். முதல் உலகப் போருக்குப் பின் உருவாகி, பிற்காலத்தில் யூகோஸ்லாவியா என்று அழைக்கப்பட்ட நாடு, முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்தை அவர்கள் வழக்கப்படியே விட்டுவைப்பதாக உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருந்ததை எடுத்துச் சொன்னார். திருநெல்வேலிக்காரர் ஒருவர் அன்றைக்கு ஐரோப்பிய உடன்படிக்கையைத் தேடிப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு டில்லியில் பேச எழுந்திருக்கிறார் என்றால், அதற்கு முன் எத்தனை இரவு விளக்கெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நஸீருத்தீன் அஹமது, மஹபூப் அலி பேக், போக்கர் சாஹிப், ஹுசைன் இமாம் ஆகியோரும் அன்று அதே திசையில் பேசினார்கள். எதிர்த்தரப்பில் கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் பேசினார்கள். நாட்டில் குற்றவியல் சட்டம் ஏற்கெனவே எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது என்று அல்லாடி கேட்டார்.

இறுதியாக அம்பேத்கர் பதில் சொன்னார். அந்தப் பதிலை நம் மேடைகளில் நாம் அதிகம் சொல்வதில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும். முஸ்லிம் தனியார் சட்டம் இந்தியா முழுவதும் ஒரே சீராக, மாற்றமே இல்லாமல் இருந்துவந்தது என்று சொல்வது சரியல்ல என்றார் அவர். வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1935 வரை ஷரீஅத் சட்டம் நடைமுறையில் இல்லை. ஐக்கிய மாகாணம், மத்திய மாகாணம், பம்பாய் போன்ற இடங்களில் 1937 வரை முஸ்லிம்கள் பலர் வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தையே பின்பற்றினார்கள். வட மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களுக்கும் பொருந்தியது. இவை அவர் எடுத்துவைத்த சான்றுகள். அவை நமக்கு வசதியானவையாக இல்லாமல் இருக்கலாம். உண்மைதான் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே பதிலில் அம்பேத்கர் இன்னொன்றையும் சொன்னார். இந்தப் பிரிவு, முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது. சட்டம் வந்ததும் எல்லாக் குடிமக்கள் மீதும் அரசு அதைத் திணிக்கும் என்று சொல்லவில்லை. வருங்கால நாடாளுமன்றம், அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படச் சம்மதம் என்று தாமாக அறிவிப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும் என்று தொடங்கலாம் என்றார்.

திருத்தம் தோற்றது. பிரிவு அப்படியே நிறைவேறியது. ஆனால் அந்த உறுதிமொழி சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. திருத்தம் கொண்டுவரப்படாமல் இருந்திருந்தால் அந்த விளக்கத்தை அம்பேத்கர் அங்கே தர வேண்டிய அவசியமே வந்திருக்காது. இன்றைக்கும் பொதுச் சிவில் சட்டம் பற்றி யார் எந்தப் பக்கம் நின்று வாதிட்டாலும், அந்த ஒரு நாளின் பக்கங்களைப் புரட்டாமல் வாதிட முடிவதில்லை.

இரண்டாம் விவாதம்: தனித் தொகுதி

1949 மே மாதம் 25, 26 தேதிகள். மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற ஆலோசனைக் குழுவின் அறிக்கையை சர்தார் படேல் சபையில் வைத்தார். ஒதுக்கீடும் வேண்டும், தனித் தொகுதி முறையும் வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார்.

அன்றைய சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். பிரிவினையின் புண் ஆறவில்லை. தனித் தொகுதி என்ற சொல்லைக் கேட்டாலே சபையில் பலருக்கு முகம் சிவந்தது. வாக்கெடுப்பில் வெல்ல வழியே இல்லை என்று தெரிந்துதான் அவர் எழுந்தார். படேலின் பதில் கடுமையாக இருந்தது. எதிர்ப்பு மற்றவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. ஐக்கிய மாகாணத்திலிருந்து வந்திருந்த பேகம் ஐஜாஸ் ரசூல் அவர்களும் ஒதுக்கீட்டை எதிர்த்தார். அது சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்து வைத்துவிடும், நம்மை நாமே அழித்துக்கொள்ளும் ஆயுதமாக அது ஆகிவிடும் என்பது அந்த அம்மையாரின் வாதம். திருத்தம் தோற்றது.

இந்த விஷயத்தில் இஸ்மாயில் சாஹிப் கேட்டது சரியா, பேகம் அவர்கள் சொன்னது சரியா? நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நம் அறக்கட்டளைக் கூட்டத்தில் இதை எடுத்தால் தேநீர் ஆறிப்போகும் வரை வாதம் நடக்கும். இன்றைய நாடாளுமன்றத்தில் நம் எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் ஒருவிதமாகச் சொல்வார்கள். எல்லோருடைய வாக்கையும் கேட்டு நிற்பதுதான் நமக்கு நல்லது என்பவர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள். நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தோற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் காட்ட விரும்புகிறோம்.

சபை முடிவு செய்துவிட்டது. அவர் வெளிநடப்புச் செய்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளவில்லை. எந்த முறை வேண்டாம் என்று வாதிட்டாரோ, அதே பொதுத் தொகுதி முறையில், அதே பொது வாக்காளர் பட்டியலை நம்பித் தேர்தலில் நின்றார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர், மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதியில் 1962, 1967, 1971 என்று மூன்று முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே முஸ்லிம்கள் மிகுதியாக வாழ்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஆட்டத்தின் விதி தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் களத்தை விட்டுப் போகவில்லை. விதி வகுக்கும்போது எதிர்த்துப் பேசினார். வகுத்த பிறகு அதற்குக் கட்டுப்பட்டார்.

ஜமாஅத் பொதுக்குழுவில் தங்கள் கருத்து ஏற்கப்படவில்லை என்றதும் அடுத்த வெள்ளிக்கிழமை முதல் வேறு பள்ளிக்குத் தொழப் போய்விடுபவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு இந்த வரலாற்றைப் பக்குவமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் விவாதம்: மொழி

1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை ஆட்சிமொழி விவாதம் நடந்தது. இதைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். காயிதே மில்லத் தமிழை ஆட்சிமொழியாக்கச் சொன்னார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். உரையை முழுதாகப் படித்தபோது, நாம் சொல்லிவந்தது பாதிதான் என்று தெரிந்தது.

பொதுமொழி என்று அவர் கேட்டது, காந்தியடிகள் வலியுறுத்திவந்த ஹிந்துஸ்தானியை. அதை நாகரி, உருது ஆகிய இரண்டு எழுத்திலும் எழுத இடம் வேண்டும் என்றார். சாதாரண மக்கள் சந்தையிலும் சாலையிலும் பேசும் மொழி அது என்பது காரணம். அதற்கு எதிராகச் சிலர் பழமையையும் இலக்கியச் செல்வத்தையும் அளவுகோலாக வைத்தார்கள். அப்போதுதான் அவர் தமிழை எடுத்தார். பழமைதான் அளவுகோல் என்றால், இந்த மண்ணில் முதலில் வழங்கியவை திராவிட மொழிகள், அவற்றில் வளமான இலக்கியம் கொண்ட தொன்மையான மொழி தமிழ் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். அது தம் தாய்மொழி, அதில் தமக்குப் பெருமை உண்டு என்றும் சொன்னார்.

இந்த முழு வடிவம் நாம் மேடையில் சொல்லும் பாதியைவிட எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். எதிர்த்தரப்பின் அளவுகோலையே கையில் வாங்கி, சரி, இதை வைத்தே அளப்போம், அளந்தால் என் தமிழ்தான் முன்னே வரும் என்கிறார். வெறும் உணர்ச்சி முழக்கமாக இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். வாதமாக இருந்ததால் பதில் தேட வேண்டியிருந்தது. உருதுவுக்கும் தமிழுக்கும் ஒரே உரையில் இடம் கொடுத்தவர் அவர். அந்த இரண்டுக்கும் அவர் நெஞ்சில் சண்டை இல்லை. தமிழ் பேசும் முஸ்லிம் என்றால் என்ன என்பதற்கு அந்த உரையே போதும்.

அந்த நாட்களில் கோவையின் டி.ஏ. ராமலிங்கம் செட்டியார், தெற்கத்தியருக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை என்று மனம் நொந்து பேசினார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவரும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் அன்று ஒரே கவலையில் நின்றார்கள்.

முடிவு என்ன? நாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழி, ஆங்கிலம் 15 ஆண்டுகளுக்குத் தொடரும் என்று சபை முடிவு செய்தது. இங்கேயும் தோல்விதான். ஆனால் அந்த 15 ஆண்டுகள் முடியும் முன்பே, 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து ஆங்கிலம் தொடர வழி செய்தது. 1965-ல் தமிழ்நாடு கொந்தளித்தது. 1967-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு அந்த வழி உறுதிப்பட்டது. 2004-ல் மத்திய அரசே தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது. இவையெல்லாம் அந்த ஒரு உரையால் நடந்தவை என்று சொன்னால் அது மிகை. பலர் போராடினார்கள், பலர் உயிரைக் கொடுத்தார்கள். ஆனாலும் 1949-ல் ஒரு முஸ்லிம் லீக்காரர் சபையில் வைத்த வாதம் 55 ஆண்டுகள் கழித்து அரசின் வாயிலிருந்தே வந்தது என்பதை மறுக்க முடியாது.

நமக்கு என்ன?

பிள்ளைகளே, இதெல்லாம் டில்லிக் கதை, நமக்கென்ன என்று நினைக்கலாம். இரண்டு அனுபவங்களைச் சொல்கிறோம். இரண்டும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் நடந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன், கபர்ஸ்தானுக்குப் போகும் பாதைக்கு விளக்குப் போடச் சொல்லி ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மனுவை எழுதியது நாம்தான். முழுதாக இரண்டு பக்கம். சமுதாயம் புறக்கணிக்கப்படுகிறது, எங்கள் உள்ளம் குமுறுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தோம். பாதையின் சர்வே எண் இல்லை, நீளம் இல்லை, எத்தனை கம்பம் வேண்டும் என்று இல்லை. விவரம் போதவில்லை என்று திரும்பி வந்தது. எங்களுக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம். பிறகு கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் உட்கார்ந்து, சர்வே எண், வரைபட நகல், இரவில் எடுத்த நான்கு புகைப்படம், கபர்ஸ்தான் பதிவேட்டிலிருந்து அந்த ஆண்டு மக்ரிபுக்குப் பிறகு நடந்த அடக்கங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதினான். பொங்கலுக்கு முன் விளக்கு எரிந்தது. அந்தப் பையன் செய்ததுதான், உடன்படிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாரே, அவர் செய்த வேலை.

இரண்டாவது அனுபவத்தைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. பெரியவர்களுக்காகத்தான் அதைச் சொல்கிறோம்.

ரமலானில் ஜகாத் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது ஒரு சகோதரியின் படிவம் வந்தது. கணவர் மறைந்துவிட்டார். வாடகை வீடு. சொத்து ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். விசாரிக்கப் போனபோதுதான் தெரிந்தது, அவருடைய வாப்பாவுக்குச் சொந்த வீடு இருந்தது. பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டார்கள். இரண்டு சகோதரர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். ஷரீஅத் கணக்குப்படி இரண்டு ஆண், ஒரு பெண் என்றால் ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சகோதரிக்கு. ஏன் சொத்து இல்லை என்று எழுதினீர்கள் என்று கேட்டோம். காக்காமார்களிடம் பங்கு கேட்டால் பெருநாளைக்கு யார் வீட்டுக்குப் போவது என்றார்.

அன்றைக்கு ஜகாத் கொடுத்தோம். ஆனால் அந்தப் படிவம் மனதை விட்டுப் போகவில்லை.

இஸ்மாயில் சாஹிப் சபையில் என்ன வாதிட்டார்? தனியார் சட்டம் எங்கள் மதத்தின் பகுதி, அதை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள் என்றார். நமக்காக, நம் பெயரால் அதைச் சொன்னார். அம்பேத்கர் என்ன பதில் சொன்னார்? 1937 வரை உங்களில் பலர் அதைப் பின்பற்றவே இல்லையே என்றார். 1937-ன் ஷரீஅத் சட்டம் வந்துதான் ஊர் வழக்கங்களை ஒதுக்கிவிட்டு, பெண்ணின் பங்கை எழுத்தில் உறுதி செய்தது. அதிலும் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. 1949-ல் சென்னை மாகாணத்தில் வந்த திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. ஆக, சட்டத்தில் இன்று குறையில்லை. குறை எங்கே?

நாடாளுமன்றம் நம் சட்டத்தை மாற்றிவிடுமோ என்று கண்டனக் கூட்டம் போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் சகோதரியின் பங்கைக் கொடுக்காதவன், மஹரை ஏட்டில் எழுதிவிட்டு வரதட்சணையைக் கையில் வாங்குகிறவன், எந்த நாடாளுமன்றமும் கூடாமலேயே அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டான். இதை எந்த எதிரியும் செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம். நாளைக்கு ஒருவர் எழுந்து, உங்கள் சட்டப்படி உங்கள் பெண்களுக்குப் பங்கு கொடுக்கிறீர்களா என்று சபையில் கேட்டால், நம் சார்பில் நிற்கும் உறுப்பினர் என்ன பதில் சொல்வார்? அவருடைய வாயில் பதில் இருப்பதும் இல்லாததும் நம் வீட்டுக் கூடத்தில்தான் முடிவாகிறது.

சபையில் சொன்ன சொல் இரண்டு பக்கமும் கட்டும். பெரும்பான்மையை அம்பேத்கரின் உறுதிமொழி கட்டுகிறது என்று நாம் எடுத்துக் காட்டுகிறோம். அப்படியானால் இஸ்மாயில் சாஹிபின் வாதம் நம்மைக் கட்டாதா? அது என் மதம் என்று சொல்லி ஒன்றைக் காத்துக் கேட்டவர்கள், அதன்படி நடக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அந்தச் சகோதரியின் விஷயத்தில், இமாம் அவர்களையும் முத்தவல்லி அவர்களையும் அழைத்துக்கொண்டு சகோதரர்களிடம் மூன்று முறை போய் உட்கார்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், மூத்தவர் இசைந்துவிட்டார். இளையவர் இன்னும் யோசிப்பதாகச் சொல்கிறார். நான்காவது முறையும் போவோம், இன்ஷா அல்லாஹ். யாருடைய அடையாளத்தையும் நாம் சொல்லவில்லை, நீங்களும் தேட வேண்டாம். ஆனால் இதே கதை எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதை முன்னிட்டு நிர்வாகக் குழுவில் மஷூரா செய்து ஒரு முடிவெடுத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு அஸருக்குப் பின், ஓர் ஆலிமும் ஒரு வழக்கறிஞரும் நம் அலுவலகத்தில் இருப்பார்கள். பாகப்பிரிவினைக் கணக்கைக் கட்டணமின்றிப் போட்டுத் தருவார்கள். பெண்கள் தனியே வந்து கேட்கவும் ஏற்பாடு உண்டு.

மாணவ மாணவியருக்கு மூன்று வேலை தருகிறோம். ஒன்று, அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் 12 தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன. பெரிய நூலகங்களில் கிடைக்கும். அவற்றில் 1948 நவம்பர் 23-ன் விவாதத்தை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். நம் பக்கத்து உரையை மட்டும் படிக்காதீர்கள். முன்ஷி, அல்லாடி, அம்பேத்கர் ஆகியோர் சொன்னதையும் படியுங்கள். எதிர்வாதத்தை அறியாதவனுக்குத் தன் வாதமும் முழுதாகத் தெரியாது. இரண்டு, உங்கள் மஹல்லாவில் ஏதாவது ஒரு குறையை எடுத்து, விவரத்தோடு ஒரே பக்கத்தில் மனு எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தோடு அதையும் வாங்கிக்கொள்வோம். மூன்று, கூட்டத்தில் உங்கள் கருத்து தோற்றால் கோபித்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள். உங்கள் கருத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு, எடுத்த முடிவுக்கு ஒத்துழையுங்கள்.

திருக்குர்ஆனின் 42-வது அத்தியாயத்துக்குப் பெயரே அஷ்ஷூரா, ஆலோசனை. கலந்து பேசுவதைக் குணமாகக் கொண்ட சமுதாயம் நாம். சத்தம் போடுவது கலந்து பேசுவதாகாது.

திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் காயிதே மில்லத் அடங்கியிருக்கிறார்கள். சென்னைக்குப் போகும்போது அங்கே நின்று துஆச் செய்யுங்கள். ஊருக்குத் திரும்பியதும், உங்கள் வீட்டில் கொடுக்கப்படாத பங்கு ஏதும் இருக்கிறதா என்று வாப்பாவிடம் மெதுவாகக் கேளுங்கள். பிள்ளை கேட்டால் தகப்பனுக்கு உறைக்கும்.

நம் சொல்லையும் செயலையும் வல்ல அல்லாஹ் ஒன்றாக்கி வைப்பானாக. உரியவர்களுக்கு உரியதைக் கொடுக்கும் மனதை நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.

வஆகிருத் தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.